கோட்டைவாசல் ஏற்றத்தில் கிளம்பிய புகை

மே மாதத்துச் சனிக்கிழமை, உச்சி வெயில். புளியரை தாண்டி எஸ் வளைவில் இரண்டாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தோம். முன்னால் ஒரு சிமெண்ட் லாரி, அதற்கும் முன்னால் கேரளாவுக்குக் காய்கறி கொண்டுபோகும் லாரி. இரண்டும் ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தன. காரில் அம்மா, மனைவி, மச்சினன், நான். டிக்கியில் இருபத்தைந்து கிலோ அரிசி, குத்துவிளக்கு, ஒரு செவ்வாழைத் தார். மறுநாள் விடியற்காலை புனலூரில் கொழுந்தியாள் வீட்டுப் பால்காய்ச்சு. வெயிலுக்கு ஏசி போட்டிருந்தேன்.

வெப்ப முள் எப்போதும் பாதிக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். அன்று முக்கால் தாண்டியிருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் ஓட்டினேன். கோட்டைவாசல் வந்துவிட்டால் அப்புறம் ஆரியங்காவு வரை இறக்கம்தானே, காற்று பட்டு ஆறிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த இரண்டு நிமிடக் கணக்குதான் மொத்தச் செலவுக்கும் காரணம்.

அடுத்த வளைவில் முன்னால் ‘புஸ்’ என்று ஒரு சத்தம். பானட்டின் இரண்டு ஓரங்களிலிருந்தும் வெள்ளைப் புகை. கண்ணாடி மங்கிவிட்டது. முள்ளைப் பார்த்தால் அது சரசரவென்று கீழே இறங்குகிறது. ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதி தப்பு என்பது பிறகுதான் புரிந்தது. வெப்பம் பார்க்கும் சென்சார் தண்ணீருக்குள் மூழ்கி இருக்க வேண்டும். தண்ணீர் வெளியே போய்விட்டால் அது வெறும் காற்றையும் ஆவியையும்தான் அளக்கும். என்ஜின் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் கீழே காட்டும். புகை வந்த பிறகு முள் இறங்கினால் அதை நம்பி ஓர் அடிகூட ஓட்டக் கூடாது.

ஏசியை அணைத்து, இடப்பக்கம் கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில் ஒதுக்கி, என்ஜினை நிறுத்தினேன். கைபிரேக், முதல் கியர். அம்மாவையும் மனைவியையும் சாலைப் பக்கமாக இறக்காமல் மலைச்சுவர்ப் பக்கமாக இறக்கி, முப்பது அடி மேலே போய் நிற்கச் சொன்னேன். மச்சினன் பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்தான். பிறகு, லாரிக்காரர்கள் செய்வதைப் போலப் பச்சைத் தழை ஒடித்து, வளைவுக்குக் கீழே, ஏறி வருகிறவன் வளைவதற்கு முன்பே கண்ணில் படுகிற மாதிரி போட்டான். காருக்குப் பின்னாலேயே முக்கோணத்தை வைத்தால் மலைப்பாதையில் பயனில்லை. வளைந்து வருகிறவன் அதைப் பார்க்கும்போது பிரேக் பிடிக்க இடம் இருக்காது.

திரும்பி வந்த மச்சினன் கையில் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலோடு பானட் இடுக்கில் ஊற்றப் போனான். பதற்றத்தில் எவருக்கும் தோன்றுவது அதுதான். எதிரே இறங்கி வந்த ரப்பர் லாரி சட்டென்று நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்: “அண்ணா, வெள்ளம் ஒழிக்கல்லே! குறச்சு கழியட்டே!”

செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். வீட்டில் பேசுவது தமிழ் என்றாலும் மலையாளம் எங்கள் காதுக்குப் புதிதில்லை. தண்ணீர் ஊற்றாதே, கொஞ்ச நேரம் போகட்டும் என்கிறார். மச்சினன் கை நின்றது. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என்ஜினின் தலைப்பகுதி அலுமினியம். அது சூடேறி விரிந்து நிற்கும்போது ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம். அதன் பிறகு தண்ணீர் போகும் ரப்பர் ஹோஸை மட்டும் மாற்றி முடிகிற வேலை அல்ல.

அந்தப் புகை என்ன புகை என்று எனக்கு ஓரளவு முதலிலேயே தெரிந்துவிட்டது. மூக்குதான் சொன்னது. செங்கோட்டையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார், மாவு மில் மோட்டார் என்று பதினெட்டு வருடமாகக் கருகிய காயில்களை முகர்ந்தே வேலை செய்கிறேன். வார்னிஷ் கருகிய வாடை, வயரின் பிளாஸ்டிக் உருகிய வாடை, எண்ணெய் சுட்ட வாடை ஒவ்வொன்றும் தனி. அன்று வந்தது இட்லிப் பானையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த ஈர வாடை. அதோடு கொஞ்சம் துரு நாற்றம். ஆவி இன்னொரு வகையிலும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கிளம்பி ஒரு முழம் போவதற்குள் காற்றில் மறைந்துவிடும். எண்ணெய்ப் புகை அப்படி மறையாது. நீல நிறமாய்த் தொங்கிக்கொண்டு நிற்கும், கண்ணைக் கரிக்கும்.

காரில் புகை வந்தால் கையை நீட்டுவதற்கு முன் இதைப் பிரித்துக்கொள்வதுதான் முதல் வேலை என்பேன். ஆவி என்றால் பொறுத்திருப்பதே வைத்தியம். பிளாஸ்டிக் உருகுகிற வாடை என்றால் பொறுத்திருக்கவே கூடாது. சாவியை எடுத்துவிட்டு, தீ தெரியாத பட்சத்தில், 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். மின்சாரம் ஓடும்வரை வயர் கருகிக்கொண்டேதான் இருக்கும். கிளட்ச் தேய்ந்த புகை ஏற்றத்தில் பாதி கிளட்ச்சில் நின்று நின்று வருகிறவர்களுக்கு வரும். அது காருக்கு அடியிலிருந்து, கருகிய அட்டை மாதிரி நாறிக்கொண்டு வரும். இறக்கத்தில் சக்கரத்திலிருந்து வருவது பிரேக். அவை இரண்டும் என்ஜின் புகையே அல்ல. ஆனால் காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பானட் நெம்புகோலை உள்ளே இருந்து இழுத்து, ஒரு விரல் இடைவெளி மட்டும் விட்டு ஆவியை வெளியேற விட்டேன். முழுதாகத் தூக்கவில்லை. பானட்டின் பெயிண்ட் கொப்பளித்தாலோ, இடுக்கில் ஆரஞ்சு வெளிச்சம் தெரிந்தாலோ அந்த நெம்புகோலைக்கூடத் தொட்டிருக்க மாட்டேன். திறந்தால் உள்ளே இருக்கும் தீக்குக் காற்றைக் கொடுத்த மாதிரி ஆகும். அப்போது எல்லாரையும் தூரமாக அழைத்துக்கொண்டு போய் 112-ஐக் கூப்பிடுவதுதான் வேலை.

பத்து நிமிடத்தில் ஆவி அடங்கியது. பானட்டைத் தூக்கி வைத்துவிட்டு மேலும் ஐம்பது நிமிடம் காத்திருந்தோம். ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. இதைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள், ஏன் என்று தெரிந்தால்தான் கை நிற்கும். அந்த மூடியின் மேல் 0.9 என்று பொறித்திருக்கும். உள்ளே சுமார் 0.9 பார் அழுத்தம் ஏறும்வரை மூடி அடைத்துப் பிடித்துக்கொள்ளும் என்று பொருள். பிரஷர் குக்கர் விஷயம்தான். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 100 டிகிரியில் கொதிக்காது. 118, 119 டிகிரி வரை தண்ணீராகவே நிற்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும். 110 டிகிரியில் இருந்த தண்ணீர் அப்படியே கொதித்து மேலே பாயும். முகமும் கையும் வெந்துவிடும். எனக்கு ஹோஸ் வெடித்தபோது நடந்ததும் இதேதான், மூடிக்குப் பதில் ஹோஸ் வழியாக.

மேல் ஹோஸைத் துணி வைத்து அமுக்கிப் பார்த்தேன். தொளதொளவென்று இருந்தது. அப்புறம் மூடியைக் கால் சுற்று மட்டும் திருப்பி, முதல் பள்ளத்தில் நிறுத்தி, சீறல் ஏதும் இல்லை என்று தெரிந்துகொண்டு திறந்தேன். உள்ளே தண்ணீரே இல்லை. மேல் ஹோஸ் என்ஜினோடு சேரும் இடத்தில், கிளிப்புக்கு ஒட்டினாற்போல், ஒரு கட்டைவிரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது.

அது முனையில் பிளந்தது எங்கள் நல்ல நேரம். வாழைத்தார் அறுக்கக் கொண்டுவந்த கத்தியால் பிளந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்ச ஹோஸை இழுத்துச் செருகிக் கிளிப்பை முறுக்கினேன். வளைவு இருந்ததால் நீளம் போதுமாக இருந்தது. ரப்பர் லாரிக்காரர் அதுவரை போகாமல் நின்றிருந்தார். அவர் கேனிலிருந்து தண்ணீர் கொடுத்தார். என்ஜினை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடவிட்டு, நூல் மாதிரி ஊற்றினேன். மூன்றரை லிட்டர் பிடித்தது. மொத்தக் கொள்ளளவே நாலு லிட்டர்தான்.

அம்மாவும் மனைவியும் சீர்ச் சாமானோடு கொல்லம் போகும் பஸ்ஸில் ஏறிப் போனார்கள். நானும் மச்சினனும் காரைத் திருப்பிச் செங்கோட்டைக்கு இறக்கினோம். இறக்கம்தானே என்று நியூட்ரலில் விடக் கூடாது. இரண்டாவது கியரிலேயே வந்தோம். ஜன்னல்களை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுதாகத் திறந்து, அதன் காற்றாடியையும் முழு வேகத்தில் வைத்தோம். மே மாத வெயிலில் ஹீட்டர்! ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். என்ஜின் சூட்டில் ஒரு பங்கை இழுத்து நம் முகத்தில் கொட்டும். வழியில் இரண்டு தடவை நிறுத்தி ஆறவிட்டு வீடு சேர்ந்தோம்.

திங்கட்கிழமை புது ஹோஸ் வாங்கிப் போட்டேன். மேலும் கீழும் இரண்டு, கிளிப்புகளும் புதிது. வேலை முடிந்தது என்று கையைக் கழுவினேன். முடியவில்லை.

மனதில் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. ஹோஸ் பழசுதான், எட்டு வருட ரப்பர். ஆனால் முள் ஏறத் தொடங்கியது ஹோஸ் வெடிப்பதற்கு முன்னால் அல்லவா? ஹோஸ் வெடித்ததால் சூடேறியதா, சூடேறியதால் ஹோஸ் வெடித்ததா? இந்த வரிசையைச் சரியாகப் பிடிக்காவிட்டால் அடுத்த ஏற்றத்தில் இன்னொரு ஹோஸ் வெடிக்கும்.

காரை வாசலில் நிறுத்தி ஐடிலில் இருபது நிமிடம் ஓடவிட்டு முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். முள் பாதிக்கு வந்தது, தாண்டியது. ரேடியேட்டர் ஃபேன் அசையவே இல்லை. ஏசியைப் போட்டேன். பெரும்பாலான கார்களில் ஏசி போட்டால் ஃபேன் உடனே சுற்ற வேண்டும். சுற்றவில்லை. என்ஜினை அணைத்தேன்.

அப்போதுதான் இரண்டு மாதத்துக்கு முந்தைய ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. தென்காசியில் நெரிசலில் நிற்கும்போதெல்லாம் ஏசி வெக்கையாய் ஊதும். வண்டி ஓடத் தொடங்கினால் மறுபடி குளிரும். கேஸ் குறைந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். சமதளத்தில் அறுபது எழுபதில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும், ஃபேன் தேவைப்படாது. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் போய் வருகிறவனுக்கு ஃபேன் செத்தது தெரியவே தெரியாது. லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது எதிர்க்காற்று கிடையாது, என்ஜினுக்கு முழுச் சுமை, மேலே ஏசியின் சூடு வேறு. எஸ் வளைவு அதைத்தான் வெளியே கொண்டுவந்தது. மோட்டாரே தொழிலாக இருந்தும் நிற்கும்போது குளிராத ஏசியைப் பார்த்து இரண்டு மாதம் ஃபேனைச் சோதிக்காமல் இருந்தது இன்றைக்கும் உறுத்துகிறது.

ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேயைச் சோதிக்க, அதே வகை ரிலேயாக இருந்த ஹாரன் ரிலேயை அந்த இடத்தில் மாற்றிப் போட்டேன். பலன் இல்லை. ஃபேனின் பிளக்கைக் கழற்றிப் பேட்டரியிலிருந்து இரண்டு வயர் நேராகக் கொடுத்தேன். அசையவில்லை. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் மோட்டாரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். இரண்டு விநாடி சுற்றி நின்றது. எனக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு, அதாவது கார்பன், தேய்ந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. சூடான என்ஜினில், சாவி எடுத்திருந்தாலும், ஃபேன் இதழ்களுக்குள் கையை விடாதீர்கள். சில கார்களில் என்ஜின் நின்ற பிறகும் ஃபேன் தானாகக் கிளம்பும். பேட்டரி முனையைக் கழற்றிவிட்டே வேலை செய்ய வேண்டும்.

மோட்டாரை இறக்கிக் கடைக்குக் கொண்டுபோனேன். பின்மூடியை மடித்துப் பிடித்திருந்த தகடுகளை நிமிர்த்தித் திறந்தால் உள்ளே கரித்தூள். இரண்டு கார்பனில் ஒன்று நாலு மில்லிமீட்டர்தான் மிச்சம். அதற்கு மேல் அதைத் தள்ள ஸ்பிரிங்குக்கு நீளமில்லை. கார்பன் உரசுகிற செம்புப் பட்டை உருளையான கம்யூட்டேட்டர் கன்னங்கரேலென்று இருந்தது. கடையில் இருந்த கார்பனில் கொஞ்சம் பெரியதாகப் பார்த்து எடுத்து, உப்புத்தாளில் தேய்த்து, கூண்டுக்குள் தடையில்லாமல் வழுக்கிப் போகிற அளவுக்குக் கொண்டுவந்தேன். இறுகினாலும் கெடுதல், ஆடினாலும் கெடுதல். அதன் வால் கம்பியைப் பற்றவைக்கும்போது ஈயம் கம்பிக்குள் மேலேறிவிடாமல் இடுக்கியால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏறினால் கம்பி விறைத்துக்கொள்ளும், கார்பன் தேயத் தேயக் கீழே இறங்காது. புதுக் கார்பன் போட்டும் ஆறு மாதத்தில் நின்றுபோகிற மோட்டார்களில் பாதிக்கு இந்த விறைத்த கம்பிதான் காரணம் என்று என் கடையில் பார்த்திருக்கிறேன். கம்யூட்டேட்டரை மிக நைசான தாளில் மெருகேற்றி, செம்புப் பட்டைகளுக்கு இடையில் அடைத்திருந்த கரியைப் பழைய ரம்ப பிளேடின் நுனியால் சுரண்டினேன். தண்டைத் தாங்கும் புஷ்ஷில் ஒரு சொட்டு எண்ணெய், ஒரே சொட்டு. மூடிவிட்டு 12 வோல்ட் கொடுத்தால் காற்று முகத்தில் அடித்தது. கிளாம்ப் மீட்டரில் 9 ஆம்பியர். அந்த அளவு மோட்டாருக்கு அது சரியான இழுவை.

இந்த வேலை பழகாதவர்கள் மோட்டாரை முழுதாக மாற்றிவிடுவதே நல்லது. நான் கையில் தொழில் இருப்பதால் செய்தேன்.

ஃபேனோடு நிறுத்த மனம் வரவில்லை. தெர்மோஸ்டாட்டையும் கழற்றினேன். குளிர்ந்திருக்கும்போது தண்ணீரை என்ஜினுக்குள்ளேயே சுற்றவிட்டு, சூடேறியதும் ரேடியேட்டருக்குக் கதவு திறந்துவிடுவது அதன் வேலை. அதன் விளிம்பில் 82 என்று பொறித்திருந்தது. அடுப்படியில் பாத்திரம் தேடினேன். புனலூரிலிருந்து அதற்குள் திரும்பியிருந்த அம்மா, “எய்யா, பால் காய்ச்சுத சட்டிய மட்டும் எடுத்துராத” என்றார். பழைய பிஸ்கட் டின்னில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட் அடியில் படாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, கடையின் தெர்மாமீட்டரை இறக்கினேன். 82-இல் அசையவில்லை. 85, அசையவில்லை. 89-இல் ஒரு மயிரிழை திறந்தது. 95 ஆன பிறகும் மூன்று மில்லிமீட்டர்தான். அதன் நடுத்தண்டு முழுக்கச் செந்நிறத் துரு. புதியது வாங்கி அதையும் அதே டின்னில் போட்டுப் பார்த்தேன். 82-இல் விரியத் தொடங்கி 95-க்குள் எட்டு மில்லிமீட்டர் திறந்தது. பார்க்க அழகாக இருந்தது. புதுச் சாமானையும் சோதித்துவிட்டே போடுவது நல்ல பழக்கம்.

துரு எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதில் என்னிடமே இருந்தது. மூன்று வருடமாக ரேடியேட்டர் டப்பாவில் அளவு குறையும்போதெல்லாம் போர்வெல் உப்புத் தண்ணீரை ஊற்றி வந்திருக்கிறேன். ரேடியேட்டர் தண்ணீரோடு கலக்கும் கூலண்ட் என்பது பனி விழும் நாட்டுக்காரர்களுக்கு என்று எங்கள் பக்கம் இன்றும் ஒரு பேச்சு உண்டு. நமக்கு உறைபனி கிடையாது, உண்மை. ஆனால் கூலண்டில் துருவைத் தடுக்கும் சரக்கு இருக்கிறது, தண்ணீரின் கொதிநிலையையும் கொஞ்சம் உயர்த்தும். வெயில் ஊருக்கு அது இன்னும் தேவை. உப்புத் தண்ணீரோ ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் காரையாகப் படியும். கீழ் ஹோஸைக் கழற்றியபோது செம்மண் கரைசல் மாதிரி கொட்டியது. தெளிந்த தண்ணீர் வரும்வரை ஏழு தடவை அலசினேன். பிறகு டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் பாதிக்குப் பாதி. கடையில் கலந்தே விற்பதும் உண்டு, கலக்க வேண்டியதும் உண்டு. டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்தே வாங்க வேண்டும், நிறத்தைப் பார்த்து அல்ல.

வடித்த பழைய தண்ணீரைத் தெருவில் விடவில்லை. கூலண்டில் உள்ள கிளைக்கால் இனிக்கும். நாயோ ஆடோ நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். எங்கள் தெருவில் பகலெல்லாம் ஆடுகள் திரியும். கேனில் அடைத்து, பழைய என்ஜின் ஆயில் எடுத்துப் போகிறவரிடமே கொடுத்துவிட்டேன்.

நிரப்பும்போது உள்ளே காற்று சிக்காமல் பார்க்க வேண்டும். மூடி திறந்தபடி, ஹீட்டரைத் திறந்து வைத்து, ஐடிலில் ஓடவிட்டு, மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கி அமுக்கி விட்டேன். குமிழ் குமிழாக வந்து நின்றது. தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சடாரென்று இறங்கியது, மறுபடி நிரப்பினேன். மூடியும் புதிது போட்டேன். சற்று நேரத்தில் ‘விர்’ரென்று ஃபேன் கிளம்பியது. இரண்டு நிமிடம் ஓடி நின்றது. முள் பாதிக்குக் கீழே.

இனி பெரிய கேள்வி. என்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்குமா? அதற்கு மட்டும் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன். நாற்பது வருடம் இந்தத் தொழிலில் இருப்பவர். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை, முதலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைக் காட்டினார்.

“மோர் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி ஆயில்ல கலந்திருக்குன்னு அர்த்தம் தம்பி. இதுல இல்ல, பாத்தீயளா?”

பிறகு ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த என்ஜினில் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தார். நிற்காமல் குமிழி வந்தால் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது என்று அர்த்தம். வரவில்லை. சைலன்சரில் கையைக் காட்டி முகர்ந்தார். வெள்ளைப் புகை தொடர்ந்து, இனிப்பு வாடையோடு வந்தால் கூலண்ட் எரிகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் கொஞ்ச நேரம் வருவது வெறும் ஈரம், அதற்குப் பயப்பட வேண்டாம். கடைசியாக நாலு பிளக்கையும் கழற்றிக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்த்தார். சதுர சென்டிமீட்டருக்குக் கிலோ கணக்கில் 12.5, 12.5, 12, 12.5. நாலும் ஒன்றுக்கொன்று ஒரு கிலோ வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும், இருந்தது. ஒன்று மட்டும் விழுந்திருந்தால் ஹெட்டை இறக்கி, நேர்விளிம்பு வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜில் கோணல் பார்க்க வேண்டியிருக்கும். 0.05 மில்லிமீட்டர் கோணினாலே மட்டம் பிடிக்கக் கொடுக்க வேண்டும் என்றார். நான் சரியான நேரத்தில் அணைத்ததால் தப்பியது. இன்னும் இரண்டு வளைவு ஏறியிருந்தால் தப்பியிருக்காது.

மூன்று வாரம் நிம்மதி. ஜூனில் சாரல் தொடங்கியது. ஒரு மாலை குற்றாலம் போய்த் திரும்பும்போது, செங்கோட்டை வளைவு வாசலுக்குச் சற்று முன்னால் நெரிசலில் நின்றபோது மறுபடி புகை. மனைவி, “என்னங்க, திரும்பவும்!” என்று கதவைத் திறக்கப் போனாள். நான் முள்ளைப் பார்த்தேன், பாதிக்குக் கீழே. மூக்கை வைத்தேன். இது ஆவி இல்லை, வடைச்சட்டியில் எண்ணெய் தீய்ந்த வாடை. நீலமாக, மெலிதாக, பானட்டின் பின்பக்கத்திலிருந்து வந்து தொங்கிக்கொண்டு நின்றது. ஓரமாக ஒதுக்கி அணைத்தேன். முதல் புகைக்குக் காரணம் தண்ணீர் என்பதால் இதற்கும் தண்ணீர்தான் என்று ரேடியேட்டரைக் குடைந்திருந்தால் ஒரு நாள் வீணாகியிருக்கும்.

டார்ச் அடித்துப் பார்த்ததில் என்ஜினின் தலையை மூடியிருக்கும் டேப்பட் கவரின் பின் ஓரத்தில் எண்ணெய் கசிந்து, நேர் கீழே இருந்த, எரிந்த புகை வெளியேறும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சொட்டுச் சொட்டாக விழுந்திருந்தது. மே மாதச் சூட்டில் அந்தக் கவரின் ரப்பர் பேக்கிங் வெந்து விறைத்துவிட்டது. அப்போதே அதையும் மாற்றியிருக்க வேண்டும். சொட்டுத்தானே என்று இதை ஓட்டுகிறவர்கள் உண்டு. ஏற்றத்தில் மேனிஃபோல்டு செக்கச்செவேலென்று ஆகும் அளவுக்குக்கூடச் சூடேறலாம், எண்ணெய் தீப்பிடிக்க அது போதும்.

மறுநாள் என்ஜின் குளிர்ந்த பிறகு கவரைத் திறந்தேன். பழைய பேக்கிங்கை மடக்கினால் பிஸ்கட் மாதிரி ஒடிந்தது. இந்த வேலையில் பாதி நேரம் துடைப்பதற்கே போக வேண்டும். ஹெட்டின் விளிம்பில் பழைய பசையும் எண்ணெயும் ஒரு பொட்டு இருந்தாலும் புதுப் பேக்கிங் கசியும். இரும்பால் சுரண்டினால் அலுமினியத்தில் கீறல் விழும், பிளாஸ்டிக் அட்டையை வைத்துச் சுரண்டினேன். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டின் அரைவட்ட மூலைகளில் மட்டும் சிலிக்கான் பசை, மற்ற இடங்களில் வெறும் பேக்கிங். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு சுற்றாக முறுக்கினேன். சின்ன போல்ட்டுகள் அவை. கைக்கு இறுகியதும் இன்னும் ஒரு சிறு திருப்பு, அவ்வளவுதான். பலம் காட்டினால் பேக்கிங் பிதுங்கும், இல்லை மரை போகும். மேனிஃபோல்டில் படிந்த எண்ணெயை எட்டிய வரை துடைத்தும் முதல் பத்து நிமிடம் லேசாகப் புகைந்தது. பழைய எண்ணெய் எரிந்து தீர்ந்ததும் நின்றது. அதன் பிறகு சொட்டு இல்லை.

அந்த வாரமே ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒரு கிலோ வாங்கினேன். டிக்கியில் அரிசி மூட்டைக்கு அடியில் கிடந்தால் உதவாது என்பதால் ஓட்டுநர் சீட்டுக்கு முன்னால், கால் படாத இடத்தில் பட்டை போட்டுக் கட்டியிருக்கிறேன். பெட்ரோல், எண்ணெய்த் தீக்குத் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும். பவுடரைப் பானட் இடுக்கு வழியாக, தீயின் அடியைப் பார்த்து அடிக்க வேண்டும். ஒரு கிலோ சில விநாடிகளில் தீர்ந்துவிடும். அதற்குள் அணையாவிட்டால் காரை விட்டு விலகிவிட வேண்டியதுதான்.

புனலூருக்கு ஜூலையில் மறுபடி கிளம்பினோம். எஸ் வளைவில் எங்களுக்கு முன்னால் ஒரு பழைய கார். இறங்கி ஏறும் ஒரு சின்னச் சரிவில் ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதித்தபோது சைலன்சரிலிருந்து குபுக்கென்று நீலப் புகை, பிறகு ஒன்றுமில்லை. வால்வு சீல் தேய்ந்திருக்கிறது என்று மச்சினனிடம் சொன்னேன். ஏறும்போது முழுக்க நீலமாகவே வந்தால் பிஸ்டன் ரிங். கருப்பாக வந்தால் காற்று போதவில்லை அல்லது பெட்ரோல் அதிகம், ஏர் ஃபில்டரில் தொடங்க வேண்டும். மலைப்பாதையில் முன்னால் போகும் வண்டியைப் பார்த்தே இவ்வளவும் படிக்கலாம்.

நாங்கள் அன்று நின்ற வளைவு வந்தது. சாரலில் மலைச்சுவர் நனைந்து கிடந்தது. ஏசி ஓடியது, முள் தன் இடத்தில் நின்றது. ஆரியங்காவு சோதனைச் சாவடியில் நீண்ட வரிசை. என்ஜினை அணைக்காமல், ஏசியை மட்டும் நிறுத்தி, ஜன்னலை இறக்கிக் காது கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் முன்னால் ‘விர்’ரென்று கிளம்பியது. நின்றது. மறுபடி கிளம்பியது.

“என்னய்யா சத்தம் அது?” என்று பின்சீட்டிலிருந்து அம்மா கேட்டார்.

“ஃபேன்மா.”